பதினைந்து அடி தூரம்

20-02-2023, திங்கள்

வீட்டைப் பார்க்க அபுதாகிர் சார் மனைவியோடு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இது மூன்றாவது தடவை. இன்று டேப் கொண்டுவந்து ஒவ்வொரு அறையாக அளந்தார். அவர் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது.

கிளம்பும்போது செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டார். பின்பக்கம் கூட்டிப்போய், முருங்கை மரத்துக்கும் கிழக்கு மதிலுக்கும் நடுவில் இருக்கும் சிலாப்பைக் காட்டினேன். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்றார். அதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் பார்ப்பார், அவர் போய் மூன்று வருஷமாகிறது, எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

எடுத்ததே இல்லை. வீடு கட்டி இருபத்தேழு வருஷம் ஆகிறது.

லாரியை வரச்சொல்லி ஒரு தடவை எடுத்துவிடுங்கள், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்றார். நியாயமான பேச்சு. மறுக்க ஒன்றுமில்லை.

ஓசூருக்குப் போன் போட்டு மகள் ரெஜினாவிடம் சொன்னேன். எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டாளாம். ஈஸ்டர் முடிந்த கையோடு வந்துவிட வேண்டும் என்கிறாள்.

22-02-2023, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். தவக்காலம் முழுக்க கறி, டீ இரண்டும் கிடையாது. வழக்கம்போல.

கிராம நர்சாக இருந்த முப்பத்திரண்டு வருஷமும் தினமும் டூட்டி டைரி எழுதியவள் நான். எந்த ஊர், எத்தனை தடுப்பூசி, எத்தனை கர்ப்பிணிகள். ரிடையர் ஆனபிறகும் கை கேட்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் இது.

மத்தியானம் பக்கத்து வீட்டுச் சுகந்தி மதிலுக்கு மேலாக முளைக்கீரை நீட்டினாள். குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறதாம், அதனால் அவள் வீட்டுக்காரர் செல்வகுமார் பழைய கிணற்றைத் தூர்வாரி மோட்டார் போடப்போகிறாராம். "எங்க கிணத்துத் தண்ணியிலதான் பருப்பு பூவா வேகும்னு அத்தை சொல்லிக்கிட்டே இருக்கும், நர்சம்மா. இனிமே குடிக்கவும் அதுதான்."

நல்லது என்றேன்.

25-02-2023, சனி

லாரிக்காரரிடம் பேசினேன். வியாழக்கிழமை வருகிறார். துணிமணிகளைப் பிரித்து வைத்தேன்.

02-03-2023, வியாழன்

லாரிக்காரர் பெயர் மாரிச்சாமி. ஐம்பது வயதிருக்கும். சிலாப்பை நெம்பித் தள்ளி, நீளமான கம்பை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார்த்தார். எத்தனை வருஷமாக எடுக்கவில்லை என்று கேட்டார். பத்து இருக்கும் என்றேன்.

"பத்து வருஷம்னா இது கழுத்து வரைக்கும் நிக்கணும்மா. அடியில கசடுதான் கெடக்கு. தண்ணியே இல்ல. தண்ணி எங்கிட்டோ போகுது."

குழாயைப் போட்டு உறிஞ்சி முடித்ததும் டார்ச் அடித்துக் காட்டினார். நான் எட்டிப் பார்க்கத் தயங்கினேன், அவர் விடவில்லை. தளம் போடாமல் வெறும் மண். கிழக்குப் பக்கச் சுவரில் சாந்து முழுக்கக் கரைந்து, நாலைந்து செங்கல் விழுந்து, கை நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது.

யாராவது உள்ளே இறங்கிப் பூசிவிட முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆள் எறங்கக் கூடாதும்மா. நானும் எறங்க மாட்டேன், யாரையும் எறக்கவும் மாட்டேன். விஷக்காத்து பிடிச்சா தூக்கக்கூட நேரமிருக்காது. நீங்க நர்சுங்கிறாங்க."

தலை குனிந்துகொண்டேன். இதைப் பற்றி நானே ஊர் ஊராக வகுப்பு எடுத்திருக்கிறேன்.

குழாயைச் சுருட்டும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அங்கே ஒரு கிணறு இருக்கிறதே என்றார். அது புழக்கத்தில் இல்லை என்றேன். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினார்.

04-03-2023, சனி

ரெஜினா சொல்வது: ஊரில் பாதி வீட்டு டேங்க் இப்படித்தான் இருக்கிறது, மூடிவிட்டு எடுத்தாயிற்று என்று சொல்லிவிடு, வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவளுக்கு வீடுதான் தெரியும். டேங்க் கட்டினபோது அவள் மூன்றாம் வகுப்பு.

தளம் போடவேண்டாம் என்று சொன்னது என் வீட்டுக்காரர் சூசைராஜ். அடியைத் திறந்து விட்டால் தண்ணீர் தானாக மண்ணில் இறங்கிவிடும், ஆயுசுக்கும் எடுக்க வேண்டாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கட்ட வேண்டிய இடம் வீட்டுக்கு முன்புறம். அங்கே கார் நிறுத்த வேண்டும் என்று பின்னால் கொண்டுபோனார். கார் வாங்கவே இல்லை.

கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்று படம் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு நான் பாடம் நடத்திய காலம் அது. இன்று சாயங்காலம் டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் கண்ணளவில் ஆறு. பதினைந்து அடி.

அன்றைக்கும் அளந்தேன். அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சண்டை போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போடவில்லை.

09-03-2023, வியாழன்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பழையதை மண் போட்டு நிரப்பி மூடிவிட்டு, முன்பக்கத்தில் முறையாகப் புது டேங்க். சந்தியாகு கொத்தனார் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார். பதினைந்து நாள் வேலையாம். அபுதாகிர் சாருக்குப் போன் செய்து சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். விற்கப்போகிற வீட்டுக்கு யார் இவ்வளவு செய்வார்கள் என்றார்.

மனசு லேசாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டேன்.

12-03-2023, ஞாயிறு

செல்வகுமார் கிணற்றைத் தூர்வாரி முடித்துவிட்டார். ஊற்று நன்றாக இருக்கிறதாம். மதிலோரம் நின்று, காய்ச்சிக் குடியுங்கள் தம்பி என்றேன். சிரித்தார். நீங்கள்தான் மாதம் தவறாமல் வந்து பிளீச்சிங் பவுடர் போடுவீர்களே, அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி உங்களைக் கும்பிடும் என்றார்.

உண்மைதான். 2009 டிசம்பர் தொடங்கி, அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறவரை ஏழு வருஷம் போட்டேன். செல்வகுமாரின் அம்மா நாச்சம்மாள் அக்கா ஒவ்வொரு தடவையும் மோர் கொடுப்பார். தங்கமான மனசு என்பார்.

ஏன் அந்த டிசம்பரிலிருந்து என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

17-03-2023, வெள்ளி

செடிக்கு என்று சொல்லி அவர்கள் கிணற்றிலிருந்து ஒரு குடம் வாங்கினேன். பழைய பெட்டியைக் கிளறியதில் தண்ணீர் சோதிக்கிற பாட்டில் எதுவும் இல்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் புது நர்சுப் பெண்ணிடம் கேட்டு ஒன்று வாங்கிவந்தேன். தண்ணீரைப் பிடித்து மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். மலக்கிருமி இருந்தால் ஒரு நாளில் கருத்துவிடும்.

18-03-2023, சனி

கருத்துவிட்டது.

காலையிலேயே போய்ச் செல்வகுமாரிடம், இந்தத் தண்ணீர் வாய்க்கு ஆகாது, பையனுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்றேன். அவர்கள் பையனுக்கு ஒன்பது வயது. ஏன் என்று கேட்டார். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த கிணறுதானே என்றேன். நர்சம்மா சொன்னால் சரி என்று மோட்டாரைத் துணி துவைக்கிற தொட்டிக்கு மட்டும் திருப்பிவிட்டார். நன்றி வேறு சொன்னார்.

இது நான் பார்த்த இரண்டாவது பாட்டில். முதலாவதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

2009 செப்டம்பர் கடைசி. மழை விடாமல் பெய்த வாரம். அந்தப் பாட்டில்கள் அப்போதுதான் முதன்முதலாக எங்களுக்கு வந்திருந்தன. பழகிப் பார்க்க இரண்டை வீட்டுக்கு எடுத்துவந்து, ஒன்றில் எங்கள் போர் தண்ணீரையும் இன்னொன்றில் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் பிடித்து வைத்தேன். எங்களுடையது அப்படியே இருந்தது. அவர்களுடையது மறுநாள் காலையில் மை மாதிரி கருத்திருந்தது. சூசைராஜிடம் காட்டினேன். மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும், கொட்டிவிட்டு வேலையைப் பார் என்றார். கொட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று ஒரே நாளில் நாற்பது வீட்டில், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

சுகந்தி அப்போது கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். ஏழு மாதக் கர்ப்பம். நவம்பர் முதல் வாரம் நாச்சம்மாள் அக்கா வந்து, மருமகளுக்கு இரண்டு நாளாக வாந்தி, வந்து பார் என்று கூப்பிட்டார். போனேன். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன். மஞ்சள். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: "வெளியில ஏதும் வாங்கிச் சாப்பிட்டியாம்மா?"

அந்தப் பெண் யோசித்துவிட்டு, முந்தாநாள் வத்தலக்குண்டில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்தேன் என்றது.

எந்த நர்சும் கேட்கிற கேள்விதான் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மற்ற நர்சுகளுக்குப் பாட்டிலைப் பற்றித் தெரியாது. முந்தாநாள் குடித்த சாற்றால் இன்றைக்குக் கண் மஞ்சளாகாது, வாரக்கணக்கில் ஆகும். அது எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். நாச்சம்மாள் அக்கா, அதுதானா என்று என்னைக் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தாள். பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

டிசம்பரில் பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கொண்டு போனேன்.

21-03-2023, செவ்வாய்

தளம் போட்டுக் கட்டிய புது டேங்குக்குக் குழாயைத் திருப்பிவிட்டார்கள். பழைய குழிக்கு நாலு டிராக்டர் மண். முழுக்க நிரம்பிவிட்டது.

27-03-2023, திங்கள்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த சாமியார். அடுத்த வீட்டாருக்குத் தெரியாமல் தீங்கு செய்துவிட்டேன் என்றேன். அதைச் சரிசெய்தீர்களா என்று கேட்டார். சரிசெய்துவிட்டேன் சாமி, புது டேங்க் கட்டியாயிற்று என்றேன். மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவரிடம் சொன்னது ஒரு டேங்கைப் பற்றி மட்டும்தான்.

01-04-2023, சனி

பாத்திரங்களைப் பெட்டியில் போட்டுக் கட்ட சுகந்தி வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். பழைய செய்தித்தாளில் ஒவ்வொரு டம்ளராகச் சுற்றிக்கொண்டே பேசினாள். காலையில் சொந்தக்காரர்கள் யாரோ அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்களாம். நாச்சம்மாள் அக்கா வழக்கம்போல அவர்களிடம் ஆரம்பித்துவிட்டாராம்: என் மருமகள் நாக்கு ருசிக்குப் பிள்ளையைக் கொடுத்தவள். யார் வந்தாலும் அவர் இதைச் சொல்வார். நானே அங்கே உட்கார்ந்திருக்கும்போது எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"அத்தை சொல்றதுல தப்பில்ல, நர்சம்மா. ஆனா ருசிக்கெல்லாம் குடிக்கல. வெயிலு. தாகமா இருந்துச்சு, அவ்வளவுதான்." இன்னொரு டம்ளரை எடுத்தாள். "இருந்திருந்தா ஏழாவது முடிச்சிருப்பா."

நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சை இறுக்கினேன். அவள் போகும்போது, ஓசூர் போய் எங்களை மறந்துவிடாதீர்கள் என்றாள்.

02-04-2023, குருத்து ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

04-04-2023, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலை பதினொரு மணி. செல்வகுமார் வேலைக்குப் போயிருந்தார், பையன் பள்ளிக்கூடத்தில். சுகந்தி பின்பக்கம் துவைக்கிற கல்லில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மோட்டார்த் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். நின்றதும், நிற்காமல் சொல்லி முடித்தேன். டேங்க், பாட்டில், கண்ணை இழுத்துப் பார்த்தது, கேட்ட கேள்வி, கரும்புச்சாற்றால் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாம். இங்கே எழுதிப் பார்த்திருந்ததால் வரிசையாக வந்தது.

அவள் சோப்புக் கையைக் கழுவவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நெசமாவா? அந்த ஜூஸால இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். திரும்பவும் கேட்டாள். இல்லை என்றேன். மூன்றாவது தடவை வேறு குரலில் கேட்டாள்: "அன்னைக்கே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"நாளைக்கு வாங்க. அவரும் இருப்பாரு. அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க." மோட்டாரைப் போட்டுவிட்டுத் துணியை எடுத்தாள்.

அபுதாகிர் சாரைப் போனில் கூப்பிட்டு அவருக்கும் சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். ரெஜினா கத்தினாள். அப்பா பேரைக் கெடுக்கிறாயே என்றாள். அப்பாவைப் பற்றி நான் சொன்னது கொஞ்சம்தான் என்றேன்.

05-04-2023, புதன்

காலை ஏழரைக்குப் போனேன். முன்னறையில் நாச்சம்மாள் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வகுமார் சுவரில் சாய்ந்து நின்றார். சுகந்தி சொல்லியிருக்கிறாள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. அக்காதான், வா அமலி, உட்காரு என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா தலையை ஆட்டி, "ஊருக்குப் போறேங்கிறியா? மகராசியாப் போயிட்டு வா" என்றார்.

அவருக்கு இப்போது காது மிகவும் மந்தம். நான் சுகந்தியைப் பார்த்தேன். காதருகே போய் அவள் எடுத்துச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க நர்சம்மா. நான் சொல்ல மாட்டேன்."

சத்தமாகச் சொன்னேன். அக்கா பாதியைத்தான் பிடித்தார். என்ன டேங்கு, யார் வீட்டு டேங்கு என்று கேட்டார். வாசற்கதவு திறந்திருந்தது. கீரை விற்கிறவர் கூடையை இறக்கிவைத்திருந்தார், எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். நான் கத்திச் சொன்னேன். எங்க டேங்க் கசிஞ்சு உங்க கிணத்துல கலந்துச்சு அக்கா. எனக்குத் தெரியும். நான் சொல்லல. அதுனாலதான் பிள்ளை போச்சு. கரும்புச்சாறுனால இல்ல. சுகந்தி மேல தப்பே இல்ல.

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னை. திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"பதிமூணு வருசமா நான் இவளப் பேசிக்கிட்டே இருந்தேன். நீ எம்பக்கத்துல உக்காந்து மோரு குடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டா இருந்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். செல்வகுமார் வாசலைக் காட்டினார். சுகந்தி அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். மனசு லேசாகிவிட்டது என்று எழுத முடியவில்லை. இல்லை.

06-04-2023, பெரிய வியாழன்

அபுதாகிர் சார் வந்தார். கிணற்றுத் தண்ணீரையும் என் போர் தண்ணீரையும் வெளியே கொடுத்துச் சோதித்து, மழைக்காலம் ஒன்று போகட்டும், மறுபடி சோதித்துச் சரியாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவர் மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. ஓசூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான். கட்டிய பெட்டியில் இரண்டைப் பிரித்து டம்ளர்களை வெளியே எடுத்தேன்.

நாலு மணிக்குச் சுகந்தி வந்தாள். நேற்றுக்குப் பிறகு வருவாள் என்று நினைக்கவே இல்லை. பையனின் நோட்டில் கிழித்த கோடு போட்ட தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தாள்.

"எங்கம்மா சாகுறவரைக்கும் எம்மேலதான் தப்புன்னு நெனச்சு செத்துச்சு. அண்ணனும் தங்கச்சியும் இருக்காங்க. அவங்களுக்குக் காட்டணும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

உட்கார்ந்து எழுதினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் எழுதியது இது:

"2009 நவம்பரில் சுகந்திக்கு மஞ்சள் காமாலை வந்தது எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்க் கசிந்து அவர்கள் குடிக்கிற கிணற்றில் கலந்ததால். தண்ணீர் கெட்டிருந்தது ஒரு மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். மறைத்துவிட்டேன். அவள் குடித்த கரும்புச்சாறு காரணம் இல்லை. அதுவும் எனக்கு அன்றைக்கே தெரியும். குழந்தை இறந்தது என்னால். சுகந்தியால் இல்லை. இப்படிக்கு, சூ. அமலோற்பவம், கிராம சுகாதார நர்ஸ் (ஓய்வு)."

தாளை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பிறகு மேசையில் வைத்து, கடைசி வரிக்கு முந்தின வரியில் விரலை வைத்தாள்.

"குழந்தைன்னு எழுதியிருக்கீங்க. அவளுக்குப் பேர் வச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல."

என்ன பெயர் என்று கேட்டேன்.

"நித்திலா."

‘குழந்தை’ என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே அந்தப் பெயரை எழுதினேன். எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.